ராணிப்பேட்டையின் மஞ்சள் தண்ணீரும் பாலாறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ராணிப்பேட்டைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். ஊர்ப் பேரைச் சொன்னால் பாதிப் பேர் "தோல் ஊரா?" என்பார்கள், மீதிப் பேர் "அங்கே தண்ணீரெல்லாம் விஷமாமே?" என்பார்கள். பெண் கொடுக்க விசாரிப்பவர்கள், மனை வாங்க வருபவர்கள், பிள்ளைக்கு சிப்காட்டில் வேலை கிடைத்தவர்கள் என்று பலரும் இதையே திரும்பத் திரும்பக் கேட்பதால், எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மஞ்சள் தண்ணீர் என்கிறார்களே, நிஜமாகவே மஞ்சளா?

நிஜமாகவே மஞ்சள்தான். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்து விட்ட மறுநாள் சிப்காட் தொழிற்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலைப் பக்கத்து மூலைக்குப் போனால் சாக்கடையிலும் பள்ளத்திலும் தேங்கியிருப்பதைப் பார்க்கலாம். செம்மண் கரைந்த கலங்கல் நிறம் இல்லை, அடியில் கிடக்கும் கல் தெரிகிற மாதிரி தெளிந்த, எலுமிச்சை நிறத் தண்ணீர். வெயில் வந்து காய்ந்ததும் ஓரத்து மண்ணில் மஞ்சளாக உப்புப் பூத்து நிற்கும். சின்ன வயதில் அதை நாங்கள் அழகு என்றுதான் நினைத்தோம், காகிதக் கப்பல்கூட விட்டிருக்கிறோம். எந்தப் பெரியவரும் வந்து தடுக்கவில்லை, ஏனென்றால் அவர்களுக்கும் அது என்னவென்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

அந்த நிறம் குரோமேட்டுடையது. குரோமியம் என்ற உலோகம் ஆறு இணைதிறனோடு (இணைதிறன் என்பது மற்ற அணுக்களோடு சேரும் திறனைக் குறிக்கும் எண்) தண்ணீரில் கரைந்தால் இப்படித்தான் மஞ்சளாக இருக்கும்.

அது எங்கிருந்து வருகிறது?

ஊர்க்காரர்கள் "குரோமேட் கம்பெனி" என்று சொல்கிற தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் நிறுவனத்தின் கழிவு மேட்டிலிருந்து. 1970களின் நடுவில் தொடங்கிய ஆலை, 1995 வாக்கில் உற்பத்தி நின்றுபோனது. தோல் பதனிடுவதற்கு வேண்டிய குரோமிய உப்புகளைச் செய்து கொடுத்தது. சுற்றிலும் வாலாஜா, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் ஷாப்புகள் நிறைந்த பகுதி என்பதால் வியாபாரத்துக்குக் குறைவில்லை.

செய்முறை தெரிந்தால்தான் மீதிக் கதை புரியும். குரோமைட் தாதுவைப் பொடித்து, சோடா உப்பும் சுண்ணாம்பும் கலந்து சுமார் 1,100 டிகிரி சூட்டில் வறுப்பார்கள். வறுத்ததில் தண்ணீர் விட்டு இறுத்தால் மஞ்சளாக சோடியம் குரோமேட் இறங்கும். இறங்கியது விற்பனைக்கு, மிஞ்சிய சக்கை வெளியே. ஆனால் சக்கையில் இருப்பதை முழுதாக இறுத்துவிட முடியாது. வீட்டில் டிகாஷன் இறக்கிய காபித்தூளில் மறுபடி வெந்நீர் விட்டுப் பாருங்கள், இன்னும் கொஞ்சம் நிறம் இறங்கும், மறுபடி விட்டால் இன்னும் கொஞ்சம். இங்கே அந்த வெந்நீரின் வேலையை மழை செய்கிறது. 1995லிருந்து ஒவ்வொரு மழைக்காலமும் அந்த மேட்டில் ஒருமுறை டிகாஷன் இறக்கிக்கொண்டிருக்கிறது.

எவ்வளவு சக்கை? முதலில் ஒன்றரை லட்சம் டன் என்றார்கள். பின்னால் எடுத்த கணக்கில் 2.27 லட்சம் டன். ஒரு லாரிக்கு 10 டன் என்று வைத்தால் 22,700 லோடு.

கம்பெனி மூடி முப்பது வருடமாகிறதே, இன்னுமா பிரச்சினை?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகாரிகளே கேட்டிருக்கிறார்கள். மூடினால் புகை நிற்கும், சங்கு ஊதுவது நிற்கும், சம்பளம் நிற்கும். கழிவு மட்டும் போட்ட இடத்திலேயே கிடக்கும்.

இந்தக் கழிவுக்கென்று ஒரு குணமும் உண்டு. சுண்ணாம்பு கலந்திருப்பதால் கடுமையான காரத்தன்மை கொண்டது. அந்தக் காரத்தில் ஆறு இணைதிறன் குரோமியம் சுலபமாக உருமாறாமல் அப்படியே நிலைத்து நிற்கும், மண் துகளில் ஒட்டிக்கொள்ளவும் செய்யாது, தண்ணீர் போகும் வழியெல்லாம் கூடவே போகும். மேட்டின் அடியில் மண், மண்ணுக்கு அடியில் வெடிப்பு விட்ட பாறை, பாறை வெடிப்பில் நிலத்தடி நீர். காரை, புளியந்தாங்கல் பக்கத்துக் கிணறுகளிலும் ஏரியிலும் குரோமியம் வந்ததை ஆய்வாளர்கள் பல முறை அளந்து எழுதியிருக்கிறார்கள். மேட்டில் இருப்பது தீரும் வரை ஊறிக்கொண்டுதான் இருக்கும், அது தீருவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரை ஒட்டி இதே மாதிரி குரோமேட் ஆலை ஒன்று 1960களில் மூடப்பட்டது. அதன் கழிவு புதைந்த இடத்தின் பக்கத்தில் ஓடுகிற சின்ன ஓடை 2019இலும் 2021இலும் பச்சை மஞ்சளாக நிறம் மாறி ஓடியது. ஐம்பது வருடம் கழித்து, பணமும் சட்டமும் உள்ள ஊரிலேயே நிலைமை அதுதான்.

குரோமியம் என்றால் நான் போட்டிருக்கும் தோல் செருப்பிலும் இருக்கிறதே, அதுவும் ஆபத்தா?

செருப்பில் இருப்பது மூன்று இணைதிறன் கொண்டது. தோலோடு இறுகப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், டிரம்மிலிருந்து எடுக்கும் 'வெட் புளூ' தோல் வெளிர் நீலமாக இருப்பது அதனால்தான். அதைப் போட்டுக்கொண்டு நடப்பதால் யாருக்கும் புற்றுநோய் வராது, சிலருக்குத் தோல் ஒவ்வாமை வரலாம்.

ஆறு இணைதிறன் வேறு ஜாதி. தூசியாக மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது சந்தேகமில்லாமல் நிறுவப்பட்ட விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான பொருட்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. குரோமேட் ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்குக் கையில் ஆழமான, லேசில் ஆறாத குழிப்புண் வரும், மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழும். எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருந்தார், அந்த மாதிரி ஒரு ஆலையில் பல வருடம் வேலை செய்தவர், விரல் மூட்டுகளில் வட்டவட்டமாக, நடுவில் பள்ளமாகத் தழும்பு. கேட்டால் "மருந்து பட்டது" என்பார், அவ்வளவுதான். வேலைக்காரர்கள் அதற்கு வைத்திருந்த பேரே மருந்து.

இங்கே ஒன்றை அவசியம் சொல்ல வேண்டும். தோல் வெட்டிய துண்டு, சீவிய தூள் இதையெல்லாம் அடுப்பில் எரிக்கிற பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது, விறகுக்குக் காசு மிச்சம் என்று. தயவுசெய்து வேண்டாம். நல்ல மாதிரி இருந்த மூன்று இணைதிறன் குரோமியம் தீயில் எரியும்போது ஒரு பகுதி ஆறு இணைதிறனுக்கு மாறிச் சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலைப் பாத்திரம் தேய்க்கவும் எடுத்து வைப்பார்கள்.

எங்கள் போர் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. குடிக்கலாமா?

நிறத்தை நம்பாதீர்கள். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கண்ணுக்கு மஞ்சள் தெரிய வேண்டுமென்றால் அதைப் போலப் பல மடங்கு இருக்க வேண்டும். அதாவது மஞ்சளாகத் தெரிந்தால் வரம்பை எப்போதோ தாண்டிவிட்டது, தெரியாவிட்டால் எதையும் சொல்ல முடியாது.

காய்ச்சினால் சரியாகிவிடுமா என்று அடுத்து கேட்பார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், உலோகம் சாகாது, தண்ணீர் ஆவியாகிப் போனதால் மிச்சத்தில் கொஞ்சம் கூடத்தான் செய்யும். படிகாரம், தேற்றாங்கொட்டை, மண்பானை, துணி வடிகட்டல், புற ஊதா விளக்கு வைத்த சுத்திகரிப்பான், இதில் எதுவும் இதற்கு வேலை செய்யாது. ஆர்ஓ ஓரளவு நன்றாகவே நீக்கும், ஆனால் ஒழுங்காகப் பராமரிக்க வேண்டும். அது ஒதுக்கித் தள்ளும் தண்ணீரில் உப்பும் உலோகமும் கூடுதல் அடர்த்தியில் இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. அதைக் கீரைப் பாத்திக்கு விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் ஆலோசனை: பழைய கழிவு மேட்டுக்குக் கீழ்ப்பக்கம், அதாவது நீரோட்டம் போகும் திசையில் வீடு இருந்தால், சோதித்துப் பார்க்காமல் போர் தண்ணீரைச் சமையலுக்கும் குடிக்கவும் எடுக்காதீர்கள். துணி துவைக்க, கழுவ எடுப்பது வேறு விஷயம்.

பாலாறும் இதனால்தான் கெட்டதா?

இல்லை. இரண்டையும் சேர்த்துப் பேசிப் பேசியே இரண்டுக்கும் பொறுப்பானவர்கள் தப்பித்துக்கொண்டார்கள் என்பது என் அபிப்பிராயம். குரோமேட் மேடு ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும் விஷம். பாலாற்றின் கதை நீளமானது. வாணியம்பாடியிலிருந்து இங்கே வரைக்கும் இரு கரையிலும் பல பத்தாண்டுகளாக நூற்றுக்கணக்கான டேனரிகள் கழிவை விட்டதால் வந்தது அது. அங்கே முதல் எதிரி உப்பு.

எப்படி என்றால், பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புத் தடவித்தான் மண்டிக்கு வரும். டேனரியில் முதல் வேலையே ஊறப்போட்டு அந்த உப்பைக் கழுவுவது. அப்புறம் சுண்ணாம்புத் தொட்டி, முடி நீக்க சல்பைடு, அமிலம், குரோமியம், சாயம். ஒரு கிலோ தோலுக்கு சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், குரோம் முறையில் ஏறக்குறைய 170 வகை இரசாயனங்கள் புழங்குகின்றன என்றும் 1996இல் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் எழுதியது.

அந்தக் காலத்தில் இப்படி இல்லை. ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டு வாரக்கணக்கில் ஊற வைத்துப் பதனிட்டார்கள். நாற்றமும் உப்பும் அப்போதும் உண்டு, குரோமியம் கிடையாது. 1970களின் தொடக்கத்தில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்து, முழுதாகத் தயாரான தோலும் செருப்புமாக அனுப்பச் சொன்னது. அந்நியச் செலாவணி கூடும் என்பது கணக்கு, கூடவும் செய்தது. பட்டை முறையைவிடச் சீக்கிரம் முடியும் என்பதால் குரோம் பெருகியது. வெளிநாட்டில் அழுக்கு என்று ஒதுக்கிய வேலை நம் ஆற்றங்கரையில் வந்து உட்கார்ந்தது.

ஆற்றின் குணத்தையும் சொல்ல வேண்டும். நந்தி மலைப் பக்கம் பிறந்து, கர்நாடகம், ஆந்திரம் கடந்து, மொத்தம் 348 கிலோமீட்டரில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் ஓடி, கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் சேர்கிற ஆறு. ஓடுகிற ஆறு என்று சொல்வதைவிட மணலுக்குள் ஊறுகிற ஆறு என்று சொல்லலாம். வருடத்தில் பெரும்பாலான நாள் மேலே வெறும் மணல், கீழே தண்ணீர். அப்பா சின்ன வயதில் மணலில் முழங்கை ஆழம் கையாலேயே தோண்டி, ஊறி வரும் முதல் தண்ணீரை வாரிக் கொட்டிவிட்டு, தெளிந்ததும் கொட்டாங்குச்சியில் மொண்டு குடித்ததைச் சொல்லுவார். ஓடாத ஆற்றில் கழிவை விட்டால் அடித்துக்கொண்டு போகாது, நேராக இறங்கும். மேலே மணலையும் லாரி லாரியாக அள்ளிவிட்டோம், தண்ணீரைத் தேக்கி வடிகட்டிக்கொண்டிருந்தது அந்த மணல்தான்.

2021 வெள்ளத்தில் ஆறு கழுவிக்கொண்டு போயிருக்குமே?

2021 நவம்பரில் பாலாற்றில் லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. இரண்டு கரையும் தொட்டு ஓடியதைப் பார்க்க ஊரே பாலத்தில் நின்றது, நானும் நின்றேன், சந்தோஷத்தில் அழுத வயசாளிகளைப் பார்த்தேன். அந்த வருடம் கிணறுகளில் தண்ணீர் ஏறி உப்பு குறைந்தது என்று பலரும் சொன்னார்கள். நல்ல தண்ணீர் கலந்து நீர்த்ததால் அப்படி. ஆனால் கரையோரத்து வயலுக்குள்ளும் ஏரி வண்டலிலும் ஏறியிருக்கிற உப்பும் உலோகமும் ஒரு வெள்ளத்தில் போகாது. பெருமழை வந்தால் யாராவது இரவோடு இரவாகத் தொட்டியைத் திறந்துவிடுவதும் உண்டு, மறுநாள் நுரையைப் பார்த்தாலே தெரியும்.

டேனரிக் கழிவுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றனவே?

இருக்கின்றன, நிலைமையைக் குறைத்தும் இருக்கின்றன. 1990களில் ஓடிய மாதிரி திறந்த சாக்கடையில் கழிவு ஓடுவது இப்போது இல்லை. சொட்டு நீரையும் வெளியே விடக் கூடாது என்ற விதி வந்த பிறகு ஆர்ஓ போட்டு, மிச்சத்தை ஆவியாக்கி, நீரைத் திரும்ப டேனரிக்கே கொடுக்கிறார்கள். கரண்டு செலவு அதிகம். கடைசியில் நிற்பது பல உப்பு கலந்த ஒரு உப்பு. வாங்க ஆளில்லை, கொட்ட இடமில்லை, கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்குகிறார்கள். அதோடு குரோமியச் சேறும்.

அந்தச் சேற்றை எப்படி வைத்திருந்தோம் என்பதற்கு 2015 ஜனவரி 31 சாட்சி. ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இரவில் இடிந்து, பக்கத்துத் தோல் கம்பெனியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். வேலை செய்யும் இடத்திலேயே, கழிவுத் தொட்டிக்கு அந்தப் பக்கம் படுக்கை. ஊரில் வருடா வருடம் எதற்கெல்லாமோ நினைவஞ்சலி போஸ்டர் ஒட்டுகிறோம், இவர்களுக்கு ஒட்டிப் பார்த்ததில்லை.

இங்கே விளைகிற நெல், காய்கறி சாப்பிடலாமா?

எல்லா நிலமும் கெட்டுவிடவில்லை. ஆற்காடு கிச்சிலிச் சம்பா விளைகிற மண் இது, ஏரிப் பாசனத்தில் நல்ல வெள்ளாமை எடுக்கிற ஊர்கள் நிறைய உண்டு. பயிர் உறிஞ்சும் குரோமியத்தில் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும், நெல்மணி வரை ஏறுவது குறைவு. ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது கீரையிலும் கிழங்கிலும், அதிலும் கழிவு ஓடையை ஒட்டிப் பயிரிட்டதில். மண் போக நன்றாக அலசுங்கள்.

உழவரை அடித்தது விஷம் என்பதைவிட உப்பு. சோடியம் ஏறிய நிலம் மழை பெய்தால் குழம்பும், காய்ந்தால் ஓடு மாதிரி இறுகும், விதை முளைத்து மேலே வர முடியாமல் சாகும். எங்கள் கிணற்றடி அரைக்காணியில் அதைப் பார்த்திருக்கிறேன். வெண்மையாகப் பூத்த தரையைக் காலால் கிளறினால் அடியில் முளைத்த நெல் வெளுத்து மடங்கிக் கிடக்கும். அதே கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பால் காய்ச்சும்போது கலந்தால் திரியும். ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி, வடிய விட்டால் மண் மெல்லத் தேறும். ஆனால் நல்ல தண்ணீர் எங்கே என்பதுதான் கேள்வி.

நீதிமன்றம் ஒன்றும் செய்யவில்லையா?

செய்தது, இந்தியாவுக்கே வழிகாட்டுகிற தீர்ப்பு எங்கள் மாவட்டத்து வழக்கில்தான் வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் போட்ட வழக்கு, 1996 ஆகஸ்ட் 28இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பு சொன்னது. டேனரிப் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பயிருக்கு லாயக்கில்லாமல் போனது என்று வேளாண் பல்கலைக்கழக மையம் ஒன்று கணக்கெடுத்ததைத் தீர்ப்பில் எடுத்துக் காட்டினார்கள். மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும், ஆபத்து வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டும் நாட்டின் சட்டம் என்று அறிவித்தார்கள். சட்டக் கல்லூரியில் முதல் வருடப் பிள்ளைக்குக் கூட இந்த வழக்கின் பேர் தெரியும்.

தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 547 டேனரிகளைப் பொறுப்பாக்கி, 29,193 பேருக்கு ஏறத்தாழ 26.8 கோடி ரூபாய் இழப்பீடு என்று முடிவு செய்தது. வகுத்துப் பாருங்கள், தலைக்கு சராசரி ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஒரு கிணறு போனதற்கு, ஒரு தலைமுறை விவசாயம் போனதற்கு. அதுவும் கிடைக்காமல் அலைந்தவர்கள் உண்டு. 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, கொடுக்க வேண்டிய இழப்பீட்டை மாநில அரசு முதலில் கொடுத்துவிட்டு டேனரிகளிடம் பின்னால் வசூலித்துக்கொள்ளட்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துக் கண்காணியுங்கள் என்று உத்தரவிட்டது.

முதலில் கொடு, பிறகு வசூலி. இந்த ஒரு வரிக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன். 'மாசு செய்தவர் ஈடு கட்டட்டும்' என்பது நியாயமான விதி, ஆனால் செய்தவர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டால் அந்த விதி கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். குரோமேட் மேட்டில் முப்பது வருடமாக நடந்தது அதுதான். யார் கொடுப்பது என்ற வழக்கு முடியும் வரை மழை காத்திருக்காது.

அந்த மேட்டை அள்ளிக்கொண்டு போய்விட முடியாதா?

முடியும். எளிதில்லை. 22,700 லோடு அள்ளினால் தூசி பறக்கும், அதுதான் மூச்சுக்கு மிக ஆபத்து. கொண்டுபோய் வைக்க, பிளாஸ்டிக் விரிப்பும் கசிவுநீர் வடிகாலும் போட்ட பாதுகாப்பான புதைகுழி வேண்டும், இல்லாவிட்டால் நம் விஷத்தை இன்னொரு ஊருக்குக் கொடுத்ததாகிவிடும். மேட்டை எடுத்தாலும் அடி மண்ணிலும் பாறை வெடிப்பிலும் இருப்பதைத் தனியாக இறைத்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

இன்னொரு வழி, இருக்கிற இடத்திலேயே மூடுவது. மேலே தண்ணீர் இறங்காத மூடி, சுற்றிலும் நிலத்துக்குள் தடுப்புச் சுவர், கீழ்ப்பக்கம் கிணறுகள் வைத்து இறைத்து, பெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு மாதிரி ஏதாவது சேர்த்து ஆறு இணைதிறனை மூன்றாக மாற்றுவது. இதில் தொல்லை அந்தச் சுண்ணாம்புதான், மேல்பக்கம் மாறியது போலத் தெரிந்து உள்ளிருந்து மறுபடி ஊறும். மூடியையும் சேர்த்துத் தூக்குகிற அளவுக்குக் கழிவே வீங்கும். அதனால் ஒருமுறை செய்து, கல்வெட்டு வைத்து, ரிப்பன் வெட்டிவிட்டுப் போகிற வேலை இல்லை. பல வருடம் கூடவே இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் இதே கழிவு கிடந்தது. ஊரில் பல மதத்தவரும் சேர்ந்த ஒரு சமூக அமைப்பினர் வழக்குப் போட்டு, 2003இல் தோண்டி எடுக்க உத்தரவு வாங்கினார்கள், 10 லட்சம் டன்னுக்கு மேல் எடுத்தே விட்டார்கள். பழைய ஆலையின் சொத்து கைமாறி வந்து சேர்ந்த பெரிய நிறுவனம் ஒன்று உயிரோடு இருந்ததால் செலவு அதன் தலையில் விழுந்தது. நம்மிடம் அப்படிக் கைகாட்ட ஆள் இல்லாததால் அரசுதான் முன்னால் நிற்க வேண்டும்.

அப்படியானால் தோல் கம்பெனிகளை மூடச் சொல்கிறீர்களா?

இல்லை. என் சொந்தக்காரப் பெண்கள் ஆறு பேர் ஷூ கம்பெனிக்குப் போய்த்தான் வீட்டை நிறுத்தினார்கள். மூடுவது என்பது என்னவென்று குரோமேட் கம்பெனியில் பார்த்துவிட்டோமே, வேலையும் போனது, விஷமும் போகவில்லை. நடக்கிற கம்பெனியிடம் கேட்கலாம், மூடிய கம்பெனியிடம் யார் கேட்பது? ஒவ்வொரு ஆலையும் ஓடும்போதே, தன் கழிவைக் கடைசியில் அப்புறப்படுத்துவதற்கான பணத்தை முன்கூட்டியே கட்டி வைக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

தண்ணீரைச் சோதிப்பது எப்படி? யாரிடம் புகார் கொடுப்பது?

டிடிஎஸ் மீட்டர் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஆனால் அது கரைந்த உப்பு மொத்தத்தை மட்டும் சொல்லும், குரோமியத்தைச் சொல்லாது. மீட்டர் 300 காட்டினாலும் குரோமியம் இருக்கலாம். ஆய்வகத்தில் கொடுக்கும்போது 'ஆறு இணைதிறன் குரோமியம்' என்று எழுதிக் கேளுங்கள், மொத்தக் குரோமியமும் சேர்த்து. மோட்டாரை ஐந்து, பத்து நிமிடம் ஓட விட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி, வாய்வரை நிரப்பி, ஐஸில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். தேதி, நேரம், இடம், போரின் ஆழம் எழுதி ஒட்டுங்கள். ஒரே கிணற்றைக் கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை சோதிப்பது நல்லது.

எங்கள் கிணற்றுக்கு ஒரு அலுவலகத்திலிருந்து வந்து மாதிரி எடுத்துப் போனார்கள், இரண்டு பாட்டில், மூன்று கையெழுத்து. முடிவு வரவில்லை. பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்ட பிறகுதான் ஒரு பக்கத் தாள் வந்தது. அதனால் மாதிரி கொடுக்கும்போதே ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள்.

புகாரை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கும் எழுத்தில் கொடுங்கள், படத்தோடு. அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், வழக்கறிஞர் இல்லாமலும் போகலாம். கால வரம்பை மட்டும் கவனியுங்கள்: சாதாரண மனுவுக்குப் பிரச்சினை எழுந்ததிலிருந்து 6 மாதம், இழப்பீட்டுக்கு 5 வருடம், இரண்டிலும் தக்க காரணம் காட்டினால் 60 நாள் கூடுதல். நிறைய பேர் இந்தக் கணக்குத் தெரியாமல்தான் கோட்டை விடுகிறார்கள்.

சிப்காட் பக்கம் மனை மலிவாக வருகிறது, வாங்கலாமா?

முன்பணம் கொடுக்கும் முன் அந்த மனையில் அல்லது பக்கத்து வீட்டு போரில் தண்ணீர் எடுத்துச் சோதித்துவிடுங்கள். நிரப்பிய மண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், கழிவு மண்ணை அடித்துப் பள்ளம் மேவிய இடங்களும் உண்டு. சாம்பல் கலந்த பழுப்பில், மழைக்குப் பின் மஞ்சள் பூக்கிற மண்ணாக இருந்தால் வேண்டாம். மழைக்காலத்தில் ஒரு தடவை போய்ப் பாருங்கள், தரகர் கோடையில்தான் கூட்டிப்போவார். அங்கேயே பல வருடமாக இருக்கிற ஒரு அக்காவிடம் போய், "குடிக்கத் தண்ணி எங்கிருந்து எடுக்கறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். வாசலில் கேன் அடுக்கியிருந்தால் அவர் பதிலே சொல்ல வேண்டாம்.